அரைப்பேர்

அட்டனில் கல்லெழுத்து வெட்டும் கடையில்
ஓர் எழுத்து நூற்றைம்பது ரூபா.
புள்ளிக்குத் தனிக்காசு இல்லை என்றார் கடைக்காரர்,
ஏதோ சலுகைபோல.
சங்கம் தந்தது பதினெட்டாயிரம்.
அதற்குள் காத்தமுத்துவை முடித்தாக வேண்டும்.

சிலை முன்பே வந்துவிட்டது.
மேக்கணக்குச் சந்தியில்
நீலத் தார்ப்பாயால் போர்த்திக்
கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறோம்.
மீசை வைத்திருக்கிறார்கள்.
அவனுக்கு மீசை இருந்ததா, யாருக்குத் தெரியும்?
படம் கிடையாது.
கெசல்கமுவ ஓயாப் பாலத்தில் சுட்டபிறகு
ஆஸ்பத்திரித் தாளில் எழுதியது மட்டும் மிச்சம்:
வயது இருபத்திரண்டு இருக்கலாம்.
உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.
எடை தொண்ணூற்றாறு இறாத்தல்.
சிலை ஏழடி.

நாற்பத்தொன்று, ஐப்பசி அடைமழை.
துரை கிளப்பில் இருந்த இரவு
செக்ரோல் ஆபீசின் தகரத்தைப் பெயர்த்து
இரண்டு போத்தல் மண்ணெண்ணெய்.
மழையிலும் எரிந்ததாம்.
உள்ளே இருந்தது கடன்.
கம்பளிக்கு, அரிசிக்கு, வந்த கப்பல் கூலிக்கு,
கருமாதிக்கு வாங்கிய ஐந்து ரூபாய்க்கு,
செத்தவன் கடன் மகன் பேரில்,
மகனும் செத்தால் மருமகள் பேரில்.
இருநூற்றுப் பத்துக் குடும்பம்
யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாதவர்களாக விடிந்தார்கள்.
பெரட்டுக்களத்தில் கொம்பு ஊதிற்று.
யாரும் போகவில்லை.
கூப்பிட்டு அடிப்பதற்குக்கூடக்
கணக்கப்பிள்ளையிடம் பேர்ப்பட்டியல் இல்லை.

அந்தக் காலையை நினைத்தால்
எனக்கு இப்போதும் தோள் நிமிரும்.
அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அதே அலமாரியில், கீழ்த்தட்டில்,
சிவப்புத் துணி அட்டை போட்ட புத்தகம் ஒன்றிருந்தது.
தோட்டத்துப் பிறப்புகள்.

ஏழு வருடத்தில் வெள்ளைக்காரன் போனான்.
வந்தவர்கள் கேட்டார்கள்:
இங்கேதான் பிறந்தாயா?
உன் அப்பன்?
எத்தனை வருடமாக இருக்கிறாய்? காகிதம் காட்டு.

பக்கத்துத் தோட்டங்களில் மடித்த தாளை நீட்டினார்கள்.
நீட்டியவர்களிலும் பாதிப்பேரை இல்லையென்றுதான் அனுப்பினார்கள்,
அதையும் சொல்ல வேண்டும்.
எங்கள் தோட்டம் வெறுங்கையை நீட்டியது.
கடன் புத்தகம் இருந்திருந்தால்
அதுவே சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கும்:
இவன் பாட்டன் இங்கேதான் பட்டினி கிடந்தான்,
துரை கையெழுத்தோடு.

பெரியப்பா எழுபத்தொன்றில்
தலைமன்னாரில் கப்பலேறினார்,
ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பிள்ளைகள்.
கூடலூரிலிருந்து எழுதினார்:
இங்கேயும் தேயிலைதான்.
இங்கே எங்களுக்குச் சிலோன்காரன் என்று பேர்.
கடைசிக் கடிதத்தின் ஓரத்தில், பென்சிலில்:
"காத்தமுத்து அண்ணனுக்கு நெருப்புப் பெட்டி
எடுத்துக் கொடுத்தவன் நான்.
அப்போது பதினொரு வயது.
யாரிடமும் சொல்லாதே."
பெருமையா, வெட்கமா,
கையெழுத்து காட்டிக் கொடுக்கவில்லை.

கமிட்டியில் மூன்று கூட்டம் போட்டோம்.
தலைவர் விடுதலை வேங்கை என்கிறார்.
செயலாளருக்கு மாவீரன் வேண்டும்.
கொழுந்துக் கூடையை இறக்காமலே
வாசலில் நின்று கேட்ட தங்கப்பழம் சொன்னாள்:
"எரிச்சவன்னு போடுங்க. போதும்.
என்னத்தன்னு அவங்கவங்க நெனச்சிக்கட்டும்."
தலைவருக்குப் பிடிக்கவில்லை.
அவளுக்கு எடை நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் கூலி.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
அவனை எந்தத் தராசில் போடுவது?
ஈரத்துக்குக் கழிப்பது எவ்வளவு?
கங்காணியைப்போல நானும்
முள் நிற்குமுன் எழுதிவிடப் பார்க்கிறேன்.

இன்று கடைக்குப் போனேன்.
சீட்டில் ஒரே வரி,
தங்கப்பழம் சொன்னது.
தலைவர் கேட்டால் காசு பற்றவில்லை என்று சொல்வேன்.
கடைக்காரர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
தகப்பன் பேர் கேட்டார்.
பிறந்த தேதி கேட்டார்.

அதுவும் அந்த அலமாரியில்தான் இருந்தது.

இடம் விட்டு வெட்டச் சொன்னேன்.
வெற்றிடத்துக்கும் காசு இல்லையாம்.